ஆசைக்கு அள்ளிய கரி

கரி அள்ளுகிற ஒருவர் சிரித்துக்கொண்டே அள்ளுவதை அதுவரை நான் பார்த்ததில்லை. வேல்ஸின் மேற்குக் கரையில் டவின் என்ற சிறிய ஊர். கடற்காற்று முகத்தில் ஈரமாக அப்பிக்கொண்டிருந்த ஒரு காலை. டாலிலின் ரயில்பாதையின் முதல் நிலையத்தில், ஆள் உயரத்துக்குச் சற்றே கூடுதலான ஓர் இன்ஜின் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. நீல ஓவரால் போட்ட, அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் குனிந்து ஒரு கரண்டி கரியை எடுத்தார், பயர்பாக்ஸ் கதவைத் திறந்து உள்ளே வீசினார், நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். பேச்சுக் கொடுத்தேன். முப்பது வருடம் வங்கியில் இருந்தாராம், இப்போது ஓய்வு. வருடத்தில் மூன்று நான்கு வாரம் இங்கே வந்து தங்கி இந்த வேலையைச் செய்கிறார். சம்பளம் கிடையாது. சங்கத்துக்கு ஆண்டுச் சந்தாவையும் அவர்தான் கட்டுகிறார், வந்துபோகும் செலவும் அவருடையதுதான். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமைகூட இல்லை, பிடித்த சாப்பாட்டைப் பற்றிச் சொல்பவரின் தெளிவு மட்டுமே இருந்தது. நான் ஏதோ நல்ல வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று கல்லில் சக்கரம் ஏறியதுபோல் உரசியது. அது கோபம் இல்லை, பொறாமை இல்லை. என்னவென்று அன்றைக்குத் தெரியவில்லை. அந்தக் காலை முடிந்து இரண்டு வருடமாகிறது, உரசல் அப்படியே இருக்கிறது.

என் அப்பா விழுப்புரம் லோகோ ஷெட்டில் பயர்மேன். கிளீனராகச் சேர்ந்து, இரண்டாவது பயர்மேனாகி, முதல் பயர்மேனாகி, டீசல் வந்தபின் அசிஸ்டென்டாகி, கடைசியில் கூட்ஸ் டிரைவராக ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டின் இரவுகளை ஷெட்டிலிருந்து வரும் கால்பாய் தீர்மானித்தான். இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி நோட்டை நீட்டுவான், அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டே கையெழுத்துப் போடுவார், அம்மா அடுப்பைப் பற்ற வைப்பாள். மெயின் லைனில் மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று போனால் திரும்பிவர எத்தனை மணி நேரம் என்று யாருக்கும் தெரியாது. சித்திரை வெயிலில் மீட்டர்கேஜ் வண்டியின் கேபினில் நிற்பது எப்படி என்று ஒருமுறை கேட்டேன். "முன்னாடி அடுப்பு, பின்னாடி கரி, நடுவுல மனுஷன்" என்றார். அதற்கு மேல் அவர் அந்த வேலையை விவரித்ததில்லை. மீதியை அவர் உடம்பிலிருந்து நானே படித்துக்கொண்டேன். முழங்காலுக்குக் கீழே பொரிப்பொரியாகத் தீப்புள்ளிகள். சரியாகக் கேட்காத வலது காது. எவ்வளவு தேய்த்தாலும் கண்ணிமை ஓரத்தில் மை பூசியதுபோல் நிற்கும் கரி. சிங்கரேணிக் கரியில் சாம்பல் அதிகம், கட்டி தட்டிவிடும். ஓடுகிற வண்டியில் நீளக் கம்பியை விட்டு அந்தக் கட்டியை உடைக்க வேண்டும். இரண்டாவது பயர்மேன் டெண்டரில் நின்று பாறைபோன்ற கரியைச் சுத்தியலால் உடைத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார். அப்பாவின் உடுப்பை அம்மா சோடா உப்புப் போட்டு ஊறவைப்பாள். முதல் தண்ணீர் கறுப்பு, இரண்டாவது சாம்பல் நிறம், மூன்றாவதில்தான் நீலத் துணியின் நிறம் தெரியும். அந்த மூன்று வாளித் தண்ணீரும் கிணற்றடியிலிருந்து வாய்க்காலுக்கு ஓடும் பாதையில் ஒரு கறுப்புக் கோடு விழுந்து கிடந்தது. வீட்டை விற்கிற வரைக்கும் அது போகவில்லை.

பிள்ளைகள் கரியைத் தொடக் கூடாது என்பது அப்பாவின் ஒரே வைராக்கியம். 1974 மே மாதம் நாடு முழுக்க ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில் ஒன்று எட்டு மணி நேர வேலை. மே 8 முதல் 27 வரை அது நடந்தது. எனக்கு ஆறு வயது. அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனதும், அப்பா பகலில் வீட்டில் இருந்ததும் நினைவிருக்கிறது. பகலில் அப்பா வீட்டில் இருந்தது எனக்குத் திருவிழாவாக இருந்தது, அவருக்கு என்னவாக இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் எங்களைக் கரி அள்ளவிடாதே என்று கேட்டுச் சிறைக்குப் போனவர்களின் ஊரிலிருந்து, தன் விடுமுறையைச் செலவழித்துக் கரி அள்ள வருபவர்களின் ஊருக்கு நான் வந்திருந்தேன். உரசியது அதுதானோ? அப்படி என்றால் அது நியாயமான உரசலா? நெல் நடுகிறவள் வயிற்றுக்காக நடுகிறாள் என்பதால், தோட்டத்தில் ஆசைக்குச் செடி வைக்கிறவரை நாம் குறை சொல்வதில்லையே. இப்படி நானே கேட்டு நானே பதில் சொல்லிப் பார்த்தேன். பதில் சரியாகத்தான் இருந்தது, மனம்தான் ஒப்பவில்லை.

அந்தப் பாதையின் கதையே ஒருவருடைய பிடிவாதத்தில் தொடங்கி இன்னும் பலருடைய பிடிவாதத்தில் தொடர்வது. இரண்டேகால் அடி அகலத் தண்டவாளம், அந்த நாட்டிலேயே அரிதான அளவு. பிரின் எக்லுயிஸ் மலையில் வெட்டிய சிலேட்டுக் கல்லைக் கடற்கரை வரை கொண்டுவர 1860களில் போட்டார்கள். 1911-இல் சுரங்கத்தையும் பாதையையும் வாங்கிய ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் அந்தப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். தான் உயிரோடு இருக்கும்வரை வண்டி ஓடும் என்று சொல்லியிருந்தார். 1946-இன் கடைசி வாரத்தில் சுரங்கம் இடிந்து மூடப்பட்டது, இழுக்கக் கல் இல்லை, இருந்தும் கோடையில் வண்டி ஓடியது. நாட்டின் ரயில்களை எல்லாம் அரசு எடுத்துக்கொண்ட 1947-ஆம் வருடச் சட்டத்தின் பட்டியலில் இந்தப் பாதையின் பெயர் இல்லை. விட்டுப்போனதோ, விட்டுவிட்டார்களோ, அந்த விடுபடல்தான் அதைக் காப்பாற்றியது. 1950 ஜூலையில் அவர் இறந்தார். அப்போது இரண்டு இன்ஜின்களில் ஒன்றுதான் ஓடும் நிலையில் இருந்தது, 1866-இல் செய்த டோல்கோக். அதே அக்டோபர் 11 அன்று பர்மிங்ஹாமில் ஓர் ஓட்டலில் கூட்டம் போட்டு, எல். டி. சி. ரோல்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் ஒரு சங்கம் அமைத்தார்கள். ரோல்ட் இளவயதில் இன்ஜின் தொழிற்சாலையில் பயிற்சி பெற்றவர். கால்வாய்ப் படகில் குடியிருந்து அதைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். ஹேடன் ஜோன்ஸின் மனைவி பாதையைச் சங்கத்தின் பொறுப்பில் விட்டார். 1951 மே 14-ஆம் தேதி, சம்பளம் வாங்காத ஆட்களின் கையில் முதல் வண்டி ஓடியது. ஒரு ரயில்பாதையைத் தன்னார்வலர்கள் காப்பாற்றி ஓட்டியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. இன்று பிரிட்டனில் மட்டும் அப்படிப்பட்ட பாதைகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன.

அவர்கள் முதலில் கையில் எடுத்தது கரிக்கரண்டியை அல்ல, அரிவாளை என்பதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. பாதை முழுக்கப் புல் மண்டிக் கிடந்தது. தண்டவாளங்களை அவற்றின் இடத்தில் பிடித்து வைத்திருந்ததே அந்தப் புல்வேர்தான் என்று சொல்வார்கள். கட்டைகள் மக்கிப்போயிருந்தன. பக்கத்திலிருந்த காரிஸ் பாதை 1948-இல் மூடப்பட்டபின் சும்மா கிடந்த இரண்டு இன்ஜின்களைச் சங்கம் தலா 25 பவுண்டுக்கு வாங்கியது. அதில் ஒன்று முதலில் இங்கே தண்டவாளத்தில் நிற்கவே இல்லை. அதன் சக்கரப்பட்டை குறுகல், பாதையோ அகன்று கிடந்தது. இன்ஜின் நடுவில் இறங்கிவிடும். மற்றது ரோல்ட் பயிற்சி பெற்ற அதே தொழிற்சாலையில், அவர் சேர்வதற்குச் சில வருடங்கள் முன்பு, 1921-இல் செய்தது. புல்லை வெட்டி, கட்டையை மாற்றி, மறுபடி புல்லை வெட்டி, இப்படியே வருடங்கள் போயின. இந்த வேலைக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. அம்மாவுக்குப் பிறந்த ஊர் பண்ருட்டி. திருவதிகைக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டம் வந்து மதிலில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கும், பிரகாரத்துப் புல்லைச் செதுக்கும், விளக்குப் பிசுக்கைச் சுரண்டும். உழவாரப் பணி. அப்பர் சுவாமிகள் கையில் ஏந்தியிருக்கிற அந்தச் சிறு கருவியின் பெயரில் ஒரு தொண்டு. டவினில் அந்த வங்கிக்காரர் செய்வது இதுதானே என்று தோன்றிய கணத்தில் உரசல் கொஞ்சம் தணிந்தது. தனக்குச் சொந்தமில்லாத ஒரு பழைய பொருளின் மேல் முளைக்கிற செடியைப் பிடுங்குவதற்காக ஒருவன் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுப்பதை நான் சிறு வயதிலிருந்து கைகூப்பித்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அடுத்த நினைவு உடனே வந்தது. அதே பிரகாரத்தைத் தினமும் விடியற்காலையில் கூட்டுகிற ஓர் அம்மாள் உண்டு. அவருக்கு அது உழவாரம் இல்லை, வேலை. ஞாயிறு வந்தவர்களுக்குப் பொங்கல் பிரசாதமும் மாலை மரியாதையும் நடக்கும்போது அவர் துடைப்பத்தோடு தூணோரம் நிற்பார். ஒரே தரை, ஒரே குப்பை. யார் குனிகிறார்கள் என்பதில் வேலையின் பெயர் மாறிவிடுகிறது.

இப்படிச் சொல்லிவிட்டு டவினின் தன்னார்வலர்களைப் பொழுதுபோக்குக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியுமா என்றால், முடியாது. அதற்குக் காரணம் நான் கண்ணால் பார்த்தவை. அங்கேயும் முதலில் கிளீனர்தான். எண்ணெய்த் துணியோடு சக்கரத்தடியில் படுத்துத் துடைக்க வேண்டும். பிறகு பயர்மேனோடு கூட நின்று கற்க வேண்டும், விதிமுறைப் புத்தகம் படிக்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும். டிரைவர் ஆவதற்கு வருடக்கணக்காகும். என் அப்பா ஏறிய அதே ஏணி, அதே படிகள். சம்பளத்துக்கு ஏறியவர்களுக்காகக் கட்டிய ஏணியை, சம்பளமில்லாமல் ஏறுபவர்களும் ஒரு படியைக்கூடத் தாண்டாமல் ஏறுகிறார்கள். அந்தப் பழைய இன்ஜினின் பெயரையே கொண்ட டோல்கோக் நிலையத்தில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நின்றபோது இருபது வயதுப் பெண் ஒருத்தி மேலே ஏறித் தொட்டிக்குள் குழாயை விட்டாள். அவளும் பயிற்சியில் இருப்பவள். கன்னத்தில் கரி, கையில் தோல் உறை, பின்னலைத் தொப்பிக்குள் செருகியிருந்தாள். தண்ணீர் நிரம்பி வழிந்து அவள் கால்சட்டையை நனைத்தது. அவள் கவனம் அதில் இல்லை, நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் இருந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போதுகூட அப்பாவின் கண் சில நொடிகளுக்கு ஒருமுறை தானாக மேலே உயர்ந்து சுவரில் எதையோ பார்த்துவிட்டு இறங்கும். அந்தச் சுவரில் எதுவும் கிடையாது. இருபத்தைந்து வருடம் கேஜ் கிளாஸ் இருந்த உயரம் அது என்பது அந்தப் பெண்ணைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் வைக்க முடியாத ஒன்று அது. ஓர் இன்ஜினைத் துடைத்து நிறுத்திவைத்தால் அது தங்காது. யாராவது ஒருவர் தினமும் பயந்துகொண்டே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் தங்கும்.

வண்டிப் பெட்டிகளுக்கு ஒரு பக்கம்தான் கதவு. இதைக் கவனித்துக் கேட்டபோது வந்த பதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. 1866-இல் பயணிகளை ஏற்ற அனுமதி கேட்டபோது ஆய்வுக்கு வந்த அதிகாரி அளந்து பார்த்தார். பாதையின் மேலே செல்லும் பாலங்களுக்கும் பெட்டிக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லை. அவசரத்தில் கதவைத் திறந்து இறங்க நேர்ந்தால் ஆள் நசுங்கிவிடுவான்.  பாலத்தை இடித்துக் கட்டாமல் தண்டவாளத்தை ஒரு பக்கமாக நகர்த்திவைத்து, அந்தப் பக்கக் கதவுகளை நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிறது. இன்றும் எல்லோரும் ஒரே பக்கமாக ஏறி ஒரே பக்கமாக இறங்குகிறார்கள். பிற்காலத்தில் செய்த பெட்டிகளும் அந்தத் தவறுக்கு இணங்கித்தான் செய்யப்பட்டிருக்கின்றன. வரலாற்றைக் காப்பது என்றால் பெருமையைக் காப்பது என்று நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். இங்கே ஒரு கணக்குப் பிழையைக் காத்திருக்கிறார்கள், நூற்றைம்பது வருடமாக உடம்பால் அதற்கு வளைந்து கொடுத்து. அந்த மூடிய பக்கத்து ஜன்னலோரம்தான் நான் உட்கார்ந்திருந்தேன். பாலம் வந்தபோது கல்சுவர் கண்ணுக்கு மிக அருகில் உரசுவதுபோல் போனது, பாசியின் ஈரவாசனை ஒரு கணம் பெட்டிக்குள் வந்து போனது.

பாதையோரம் சில இடங்களில் சிலேட்டுப் பலகைகளையே நட்டு வேலி போட்டிருக்கிறார்கள். நமக்குச் சிலேட்டு என்றால் எழுதும் பலகை. எச்சில் தொட்டு அழித்ததும், கோவைக்காய்ச் சாறு பூசிக் கறுப்பாக்கியதும், விளிம்பு உடைந்து அடி வாங்கியதும்தான் நினைவு. ஆபர்கினோல்வின் நிலையத்தில் இறங்கி அந்த வேலிப் பலகை ஒன்றைத் தடவிப் பார்த்தேன். அதே குளிர்ச்சி, அதே பொடி. நகத்தால் கீறினால் அதே வெள்ளைக்கோடு. இங்கே அது கூரை, வேலி, கல்லறைக்கல், எல்லாம். அந்தக் கல்லை உடைத்தவர்களுக்காகக் கட்டிய ஊர்தான் ஆபர்கினோல்வின். 2021-இல் யுனெஸ்கோ வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது அந்தச் சுரங்கமும் ஊரும் பாதையும் அதில் சேர்ந்தன. ஆனால் 1950-இல் பாதையைக் காப்பாற்ற வந்தவர்களில் பெரும்பாலோர் மலைக்கு அப்பாலிருந்து, இங்கிலாந்தின் நடுப்பகுதி நகரங்களிலிருந்து வந்தவர்கள். வேறு மொழி பேசியவர்கள். சுரங்கம் மூடி வேலை போன ஊருக்கு, விடுமுறைக்கு வந்து வேலை செய்கிறேன் என்று ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். முதல் வண்டி போனபோது ஆபர்கினோல்வினில் கதவோரம் நின்று பார்த்திருக்கக்கூடிய ஒரு சுரங்கத் தொழிலாளியின் முகத்தை நான் கற்பனை செய்து பார்த்தேன். எனக்கு அப்பாவின் முகம்தான் வந்தது. அது அவர்மேல் நான் ஏற்றுகிற பாரமாகவும் இருக்கலாம். பழைய ஊழியர்கள் சிலர் சங்கத்தோடும் தொடர்ந்து வேலை செய்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வந்தவர்களுக்குப் பாதையின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தானே.

டவின் நிலையத்திலேயே சிறு ரயில்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. அதையும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். டப்ளினின் கின்னஸ் மதுபான ஆலைக்குள் ஓடிய குட்டி இன்ஜின், சிலேட்டுச் சுரங்கத்து இன்ஜின்கள், சிக்னல் கைகள், பித்தளைப் பலகைகள். ஒரு மூலையில் பாதிரியார் ஆட்ரியின் படிப்பறையை அப்படியே அமைத்துவைத்திருக்கிறார்கள். நம் பேரப்பிள்ளைகள் டிவியில் பார்க்கிற தாமஸ் ரயிலை எழுதியவர். அவரும் இங்கே தொடக்க வருடங்களில் கார்டாகத் தொண்டு செய்தவர். ஒருநாள் சிற்றுண்டி விற்கிற பெண்மணியை நிலையத்திலேயே விட்டுவிட்டு வண்டிக்குக் கொடி காட்டிவிட்டார், அதுவே பிறகு அவர் புத்தகத்தில் ஒரு கதை ஆனது. எல்லாம் துடைத்துப் பளபளவென்று, அன்போடு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பொருளையும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன். நான் தேடியது என்னவென்று வெளியே வந்தபிறகுதான் தெரிந்தது. மூன்று வாளித் தண்ணீர். அந்தக் குட்டி இன்ஜின்களை ஓட்டியவர்கள் வீட்டுக்குப் போனபோது அந்தத் துணியைத் துவைத்த தண்ணீர். அதை எந்த அருங்காட்சியகம் வைக்க முடியும், வைத்தால் யார் பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம்.

நம் ஊரில் இப்படி ஒரு சங்கம் ஏன் இல்லை என்று மகன் கேட்டான். பர்மிங்ஹாமில் படிக்கிறான், அவன்தான் என்னை அங்கே கூட்டிப்போனவன். இருப்பதைச் சொன்னேன். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பிலும் திருச்சியிலும் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, ரயில்வேயே நடத்துகிறது. ஸ்டேஷன் வாசல்களில் பெயிண்ட் அடித்துப் பீடத்தில் ஏற்றிய இன்ஜின்கள் இருக்கின்றன. 1855-இல் செய்த 'எக்ஸ்பிரஸ்' என்ற இன்ஜினைப் பெரம்பூர் லோகோ பணிமனை ஆட்கள் 2010-இல் மறுபடி ஓட வைத்தார்கள். நீலகிரி மலைப்பாதைக்குப் பல்சக்கர நீராவி இன்ஜின்களைப் பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள் புதிதாகவே செய்தார்கள். ஒருகாலத்தில் சுவிட்சர்லாந்தில் செய்து கப்பலில் வந்ததை இவர்கள் திருச்சியில் செய்தார்கள். இதை நான் உரக்கச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இவர்கள் சம்பளம் வாங்குபவர்கள். சம்பளம் வாங்குகிறவன் கையில் அன்பு இருக்காது என்று ஒரு நினைப்பு, தொண்டைப் புகழும்போதெல்லாம் அதற்குள் ஒளிந்து வந்துவிடுகிறது. மீட்டர்கேஜ் மட்டும் அப்படிப் பிழைக்கவில்லை. 1992-க்குப் பிறகு ஒரே அகலம் என்ற திட்டத்தில் பாதை பாதையாகப் பெயர்த்து எடுத்தார்கள். அது தேவைதான். அகலப்பாதை வந்ததால் பிழைத்த ஊர்கள் எத்தனையோ. ஆனால் டாலிலினைப் போல ஏழேகால் மைல்கூட வேண்டாம், ஒரு மைலாவது விட்டுவைத்து அதில் ஓட்ட வேண்டும் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் யார்? அப்பாவும் அவர் கூட்டாளிகளுமா? அவர்கள் ஓய்வு பெற்ற நாளில் மாலையோடு வந்து, குளித்துவிட்டு, அந்த உடுப்பை மடித்துக்கூட வைக்கவில்லை. அப்பாவின் இரும்பு லைன்பாக்ஸில், கைவிளக்கும் சிவப்புப் பச்சைக் கொடிகளும் இருந்த இடத்தில், அம்மா புளி கொட்டிவைத்தாள். பிழைப்புக்காகச் செய்தவர்களுக்கு மறப்பது ஒரு விடுதலை. ஆசைக்குச் செய்ய ஆட்கள் வருவதற்கு, அந்த வேலை யாருடைய வயிற்றையும் பிடித்து இழுக்காத ஒரு காலம் வரவேண்டியிருக்கிறது. அது வருவதற்குள் தண்டவாளம் எடைக்குப் போய்விடுகிறது.

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் கைபேசியில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். எண்பது தாண்டிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கைபேசியை என் கையிலிருந்து வாங்கித் தானே பிடித்துக்கொண்டார். விசில் வந்தது, புகை வந்தது, வங்கிக்காரர் குனிந்து நிமிர்ந்து சிரித்தார். அப்பா முகத்தில் ஒன்றும் இல்லை.

"எவ்ளோம்மா குடுக்கிறாங்க அவருக்கு?"

"சம்பளம் இல்லப்பா. அவர்தான் சந்தா கட்டுறாரு."

நான் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. மறுபடி ஓடவிடச் சொன்னார். இரண்டாவது தடவை அவர் ஆளைப் பார்க்கவில்லை, கரண்டியைப் பார்த்தார். "கதவோரம் ரெண்டு மூலையையும் விட்டுட்டாரு பாரு. அங்க வெள்ளையா ஓட்டை விழும்" என்றார். கரி எந்த ஊர்க் கரி என்று கேட்டார். வெல்ஷ் கரி என்றால் ஒரு காலத்தில் உலகமெங்கும் கப்பலில் போன பெயர், புகை குறைவு, சாம்பல் குறைவு என்று நான் தெரிந்துகொண்டு வந்ததைச் சொன்னேன். மெர்த்திர் டிட்ஃபில் பக்கத்திலிருந்த பெரிய திறந்தவெளிச் சுரங்கமும் 2023 நவம்பரில் மூடிவிட்டதால் இந்தச் சங்கங்கள் எல்லாம் கரிக்கு அலைகின்றன என்றும் சொன்னேன். "சாம்பல் கம்மியா" என்று அதை மட்டும் திருப்பிச் சொன்னார். யாரோ ஒருவருக்கு நல்ல வரன் அமைந்ததைக் கேட்டவர்போல இருந்தது குரல்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, நான் விளக்கை அணைக்கப் போனபோது கேட்டார்.

"சாயங்காலம் ஷெட்டுக்குக் கொண்டுபோய், சாம்பல் தள்ளுவாங்களே, அது யாரு?"

ஷெட்டில் சாம்பல் குழிக்குள் இறங்கி அதைச் செய்தவர்கள் அப்பாகூட இல்லை. அப்பாவுக்கும் கீழே இருந்தவர்கள். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பதும், எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர்கள் உட்கார்ந்ததில்லை என்பதும் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குழியிலிருந்து எழும் சூட்டுப்புழுதியைப் பற்றி ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார், அதுவும் அவர்களில் ஒருவர் இறந்துபோன நாளில்.

"அதையும் அவரேதான்ப்பா. வங்கில இருந்தாருன்னு சொன்னேனே, அவரு. அந்தப் பொண்ணும். அவங்களே சாம்பலை வாரிக் கொட்டிட்டு, இன்ஜினைத் துடைச்சு வச்சுட்டுத்தான் ரூமுக்குப் போவாங்களாம்."

"அவங்களேவா?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையை நீட்டினார். "அதைக் காட்டு."

கைபேசியை எடுத்தேன். விசிலை எடுத்திருந்தேன், புகையை எடுத்திருந்தேன், பாலத்தை, அருவியை, அந்தப் பெண் தண்ணீர் பிடித்ததை எல்லாம் எடுத்திருந்தேன். அன்று சாயங்காலம் கடைசி வண்டி வந்து நின்றதும் நாங்கள் பர்மிங்ஹாம் ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டோம். சாம்பலை நான் எடுக்கவில்லை.